உப்புக்காற்று வீசும் ஊரில் நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டு: வாங்கியோர் அனுபவங்கள்

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து:

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்கள், ஃபிரேம் கணக்கை (நொடிக்கு எத்தனை படங்கள் காட்டும் என்பதை) மட்டும் பார்த்துக் கிராபிக்ஸ் கார்டு (கணினியில் விளையாட்டுக் காட்சிகளை வரையும் அட்டை) வாங்கினால் போதாது என்பது என் கருத்து. என்னிடம் இருப்பது பத்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1080பி (1920×1080 புள்ளிகள்) மானிட்டர். பழைய கார்டைக் கழற்றக் கேபினெட்டைத் திறந்தபோது, அதை இறுக்கியிருந்த ஸ்க்ரூவின் தலை துருவேறி, திருப்புளி பட்டதும் பொடியாக உதிர்ந்தது. கார்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே வெள்ளையாகப் பூத்திருந்தது. வெறும் தூசியென்றால் ஊதினால் போய்விடும். கச்சான் காற்றோடு வரும் உப்பு கலந்த தூசி ஃபேன் இறக்கைகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, துணியால் துடைத்தால்தான் வரும்.

புதிதாக வாங்க மூன்று கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். 2021இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி நினைவகம் உண்டு, ஆனால் அது 170 வாட் கேட்கும். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060இல் நினைவகம் 8 ஜிபிதான். வேகம் கூடுதலாக இருந்தும் 115 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 குறைந்த விலையில் 12 ஜிபி தருகிறது என்றாலும், பயாஸில் (கணினியின் அடிப்படை மென்பொருளில்) ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாத மதர்போர்டில் அது தடுமாறும். வசதி இருந்தாலுங்கூடப் பழைய ப்ராசஸர்களோடு சேரும்போது அதன் முழு வேகம் கிடைப்பதில்லை என்று பலரும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

மற்ற இரண்டில்தான் யோசனை நீண்டது. 4060 மதர்போர்டுடன் எட்டுத் தடங்களில் (தரவு போகும் வழிகளில்) மட்டுமே பேசும். 3060 பதினாறு தடங்களையும் பயன்படுத்தும். என் போர்டில் கார்டை இணைக்கும் பிசிஐஇ மூன்றாம் தலைமுறை என்பதால், எட்டுத் தடங்களில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபிதான் போக முடியும், நான்காம் தலைமுறைப் போர்டில் போவதில் அது பாதி. ஆட்டத்தின் காட்சிகள் கார்டின் 8 ஜிபிக்குள் அடங்கும்வரை இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. டெக்ஸ்சரை (பரப்புகளின் நுணுக்கத்தை) அல்ட்ரா என்ற உச்ச அளவில் வைத்து நினைவகம் நிரம்பி, மிச்சத்தைக் கணினியின் ரேமிலிருந்து இழுக்க வேண்டி வரும்போதுதான் படம் திக்கித் திக்கி நகரும்.

அப்படியிருந்தும் 4060ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மின்சாரம். எங்கள் தெருவில் மாலையில் மின்னழுத்தம் குறைவதும், காற்று பலமாக அடித்தால் கரண்ட் போவதும் புதிதல்ல. கடைகளில் 600 விஏ என்று விற்கும் யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கார்டு, ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து அந்த வரம்பைத் தொடாமல் இருந்தால்தான், கரண்ட் போகிற நேரத்தில் ஆட்டத்தைச் சேமித்து ஒழுங்காக அணைக்க முடியும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி வைத்து விளையாடுகிறேன், குறையொன்றும் தெரியவில்லை.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வளைகுடாவில் ஓர் உறவாவது இருப்பார். ஆகவே கிராபிக்ஸ் கார்டு என்றதும் "மச்சான் வரும்போது கொண்டு வரட்டும்" என்பதுதான் வீட்டில் முதலில் வரும் பேச்சு. என் கார்டும் அப்படித்தான் துபாயிலிருந்து பெட்டியில் வந்தது. இங்கு கார்டுகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இருப்பதால் அங்கு வாங்குவது லாபம் என்பதே வீட்டாரின் கணக்கு. சில மாதங்களில் ஒரு ஃபேன் கரகரவென்று சத்தமிடத் தொடங்கியது. இந்தியாவில் உள்ள பணிமையம், வெளிநாட்டு பில்லுக்கு இங்கே வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டது. ஒரு சின்ன ஃபேனுக்காகக் கார்டைத் திரும்பத் துபாய்க்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

எல்லா நிறுவனங்களும் அப்படியல்ல; சில, பில் எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் சீரியல் எண்ணை வைத்தே ஏற்றுக்கொள்கின்றன. ஆகையால் ஊருக்கு வருகிற ஆளிடம் பணம் கொடுக்கும் முன், அந்த மாடலின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கினாலும், துருவும் அரிப்பும் வாரண்டியில் சேராது என்ற வரி நிபந்தனைகளில் அநேகமாக இருக்கும். நம் கடற்கரையில் அந்த ஒரு வரிதான் முக்கியம். கடைக்காரர் அதை வாசித்துக் காட்டமாட்டார்.

தங்கச்சிமடத்திலிருந்து:

கணினி பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால், கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன அரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கள் இராமேசுவரம் தீவில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் கார்டு சூடாக இருப்பதால் அதன் மேல் ஈரம் தங்காது. தேர்வுக் காலம் என்று பிள்ளைகள் மாதக்கணக்கில் தொடாமல் மூலையில் போட்டு வைக்கிற கணினிதான் என் மேசைக்கு அரித்துப்போய் வருகிறது. ஆகவே விளையாடாவிட்டாலும் அவ்வப்போது கொஞ்ச நேரம் ஓட விடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வாங்கும்போது சூட்டைக் கடத்தும் ஹீட்பைப்புகள் செம்பு நிறத்தில் வெறுமையாக இருக்கின்றனவா, நிக்கல் பூச்சுடன் வெள்ளியாக மின்னுகின்றனவா என்று கவனியுங்கள். பூச்சுள்ளது இங்கே கூடுதல் நாள் உழைக்கும்.

கார்டின் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்ப்பது நம் பக்கத்துக் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். உடனே பலன் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மாட்டினால் போதும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் சுரங்க முறையை (கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் முறையை) கைவிட்டதும், இரவுபகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் மலிந்தன. அவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சுரங்கத்தில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை நான் தள்ளமாட்டேன். ஃபேனைக் கையால் சுழற்றிப் பார்ப்பேன், ஸ்க்ரூ தலைகளைப் பார்ப்பேன், பிறகு விற்பவர் முன்னாலேயே முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பேன். அதற்கு மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்குவதில்லை.

இராமநாதபுரத்திலிருந்து:

கடலிலிருந்து சற்று உள்ளே இருப்பதாலோ என்னவோ, எனக்கு உப்பைவிட வெக்கைதான் தொல்லை. மண்டபத்து நண்பர் வாட் கணக்கில் காட்டும் கண்டிப்பை நான் முழுதாக ஏற்கவில்லை. முதலில் மானிட்டரைத் தீர்மானிக்க வேண்டும். 1080பியில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், 1440பியில் 36.9 லட்சம், கார்டின் வேலை அதற்கேற்பக் கூடும். வாலரண்ட் போன்ற இலகுவான ஆட்டம் மட்டும் ஆடுகிறவருக்குப் புதிய கார்டே தேவைப்படாமல் போகலாம். நான் 1440பி மானிட்டர் வைத்திருப்பதால், 2025 ஜூனில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி பதிப்பை வாங்கினேன். அது 160 வாட் எடுக்கும். பதினாறு தடங்களும் உள்ளதால் பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கும் உறுத்தாது.

பெட்டியை மட்டும் கவனமாகப் பாருங்கள். 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என்று ஒரே பெயரில் இரு பதிப்புகளாக விற்கப்படுகின்றன. நான் 16 ஜிபி என்று எழுதிக்கொடுத்தும் ஒரு கடையில் பில்லில் 8 ஜிபி என்றே போட்டுவிட்டார்கள். கூரியர் கிளம்பும் முன் பில்லின் படத்தை அனுப்பச் சொன்னதால் அது தெரிந்து, மாற்றி வாங்க முடிந்தது.