ஷியாவ்துவெய், ஜியன்துவெய், ஜியன்ருவோ: உதவி தேவை

சீன மொழி கற்பிப்பவர்களும் சீனாவில் வேலை பார்ப்பவர்களும் உதவ வேண்டும். இடைநிலை மாணவர்களுக்கான பயிற்சித்தாளில் 'ஷியாவ்துவெய்' என்ற வினையில் சிக்கியிருக்கிறோம்.

முதல் அசை முதல் தொனி (சீன மொழியில் சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்), அடுத்தது நான்காம் தொனி. வீக்கம், காய்ச்சல், வெள்ளம் போல வந்தது வடிந்து இல்லாமல் போவதற்கு இது பொருந்துகிறது. பார்வை, செவித்திறன், நினைவாற்றல் குன்றினால் ஜியன்துவெய்தான். திறன் குறைகிறது, அறவே போவதில்லை. காற்றின் வேகம், ஒலி, சிக்னல் என்றால் ஜியன்ருவோ. துணி வெளுப்பதற்கு துவெய்சே என்று தனிச்சொல் உண்டு. தமிழில் 'மங்குதல்' என்ற ஒரே சொல்லைக் கொடுத்தால் மாணவர்கள் நான்கையும் குழப்பிவிடுகிறார்கள்.

இலக்கணத்திலும் ஒரு வழுக்கல். ஷியாவ்துவெய் செயப்படுபொருள் ஏற்காது. 'மருந்து வீக்கத்தை வடித்தது' என்பதை அப்படியே எழுதினால் பிழை. முன்னால் 'ஷி' (மூன்றாம் தொனி, 'செய்விக்க') சேர்த்து 'ஷி ஹோங்ஜோங் ஷியாவ்துவெய்' ('ஹோங்ஜோங்' என்றால் சிவந்த வீக்கம்) என்றாக்க வேண்டும். ஜியன்ருவோ மட்டும் செயப்படுபொருளோடும் வரும்.

இனி கேள்விகள். 'ரெச்சிங்' (ஆர்வம்) தலைப்பிலுள்ள மூன்று வினைகளோடும் வருவதைப் பார்க்கிறோம். ஷியாவ்துவெய் என்றால் ஆர்வம் முழுக்க அடங்கிவிட்டது என்றே கேட்பவர் புரிந்துகொள்வாரா? 'ஜியன்ஜியன்' (மெல்ல மெல்ல) முன்னால் வந்தால் அந்த அழுத்தம் தளர்கிறதா? வீட்டுப் பேச்சில் வீக்கம் வடிந்ததை 'ஜோங் ஷியாவ் ல' என்பார்கள். ஆர்வத்துக்கும் அப்படி எளிய பேச்சுவழக்கு உண்டா? நீங்கள் காதால் கேட்ட வாக்கியங்களை ஊர்ப்பெயருடன் எழுதினால் பெரும் உதவி.