டிரெட்மில்லை வீட்டுக்குள் நகர்த்தியவர்கள் வாருங்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

ஜன்னலோரம்

படுக்கையறையில் இருந்ததை ஹாலுக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் வேலை. மடிக்கிற வகை, 90 கிலோ பக்கம் வரும். பிளக்கைப் பிடுங்கி, பாதுகாப்புச் சாவியை எடுத்து, நடக்கிற தளத்தைத் தூக்கி மடித்தோம். பூட்டு ‘டக்’ என்று விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது, மச்சானுக்கும் கேட்டது. நான் மோட்டார் பக்கம் நின்று, ஒரு காலைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து, கைப்பிடியை என் பக்கம் சாய்த்தேன். அவர் எதிர்ப்புறம் இருந்து தள்ளினார். அறையின் நிலைப்படியில் சக்கரம் இடித்து மெஷின் ஒரு குலுங்கு குலுங்கியது. பூட்டு விட்டுவிட்டது.

ஹைட்ராலிக் தண்டு இருக்கிறது, மெதுவாகத்தானே இறங்கும் என்பீர்கள். பழைய மெஷின், தண்டில் அழுத்தம் எப்போதோ போய்விட்டிருக்கிறது. தளம் அப்படியே மொத்தமாக விழுந்தது. சக்கரத்துக்கு அடியில் சிக்கிய ஒயரை எடுக்க மச்சான் அந்த நேரம்தான் பக்கவாட்டில் நகர்ந்திருந்தார். அவருடைய ஒரு செருப்பு மட்டும் தளத்துக்கு அடியில் கிடந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் தளத்தையும் டிஸ்பிளேயைத் தாங்கும் தூணையும் சேர்த்துக் கயிற்றால் கட்டித்தான் மீதித் தூரம் போனோம். பூட்டு இப்படி விட்டது வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

தூக்கமில்லாதவன்

பூட்டு எனக்குத் தகராறு செய்யவில்லை, சாய்வுதான் செய்தது. அண்ணன் கடைசியாக ஏற்றத்தில் வைத்து நடந்துவிட்டு அப்படியே அணைத்திருக்கிறார். மெஷினை ஓரம் கட்டுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கினோம், அலமாரியை பிளக் பாயின்ட்டுக்கு முன்னால் நகர்த்தினோம், மடித்தோம், சாய்த்தோம். சாய்த்தால் சக்கரம் தரையைத் தொடவே இல்லை. அந்தரத்தில் சும்மா சுற்றுகிறது. இரண்டு பேரும் முழு எடையையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம், அண்ணன் சாவகாசமாக ‘இதுக்கு சக்கரம் எதுக்குக் குடுத்தான்?’ என்கிறார்.

திரும்ப இறக்கி, அலமாரியை நகர்த்தி, பிளக்கைச் சொருகி, சாய்வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சக்கரம் தரைக்கு வந்தது. மோட்டாரால் சாய்வு ஏறி இறங்குகிற மாடல்கள் பலவற்றில், மடிப்பதற்கு முன் சாய்வைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லிக் கையேட்டிலேயே போட்டிருக்கும். வேறு அளவு சொல்கிற மாடல்களும் உண்டு. மின்சாரம் இருக்கும்போதே அதைப் பார்த்து முடித்துவிட வேண்டும்.

மாடிவீடு

உங்களுக்கெல்லாம் ஒரே தரை. எனக்குப் படிக்கட்டு.

கீழே இருந்து மாடிக்கு. மாமனார் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். மோட்டார் அவர் பக்கம் இருந்தது, கனமான பக்கம் கீழே இருந்தால் மெஷின் ஆடாது என்று அவர்தான் சொன்னார். அளவெல்லாம் எடுத்திருந்தோம், கதவு அகலம் சரி, படி அகலமும் சரி. படி திரும்புகிற இடத்தைத்தான் யாரும் அளக்கவில்லை. அங்கே போனதும் டிஸ்பிளேயைத் தாங்குகிற தூண் கைப்பிடிச் சுவரில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

மாமனார் வாய் திறக்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருக்கிறது. ‘மாமா, இறக்கிடலாமா?’ என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறார். அது ஆமாமா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வலிக்கிறது என்று சொல்லும் ஆளாக இருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மெஷினைப் படி விளிம்பிலேயே உட்காரவைத்து, அவரை அடியிலிருந்து வெளியே வரச்சொல்லி, மச்சினி அலென் கீயைக் கொண்டுவந்து கொடுக்க, நான் ஒரு கையால் மெஷினைப் பிடித்தபடி தூணைக் கழற்றினேன். தூணுக்குள்ளே டிஸ்பிளேயிலிருந்து மோட்டார் போர்டுக்குப் போகும் கேபிள் ஓடுகிறது. அந்த அவசரத்தில் கேபிள் நசுங்கிவிட்டது. மேலே கொண்டுபோய் மாட்டிப் போட்டால் திரையில் பிழைக் குறி மட்டும்தான் வருகிறது. கேபிள் மாற்றிய பிறகு சரியானது. மாமனார் அதில் இன்றுவரை கால் வைக்கவில்லை.

நேர்கோடு

மாடிவீடு, மோட்டார் பக்கத்தைக் கீழே வைத்ததுதான் அங்கே கோளாறு, திருப்பம் இல்லை. படியில் சாய்ந்த பொருளை இரண்டு பேர் அடியில் பிடித்துத் தூக்கினால், சாய்வு கூடக்கூட எடை கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும். அதோடு மோட்டாரையும் அவர் பக்கம் வைத்தால் முக்கால்வாசி எடை ஒரே ஆளுக்கு. மோட்டார் மேலே இருந்தால் இரண்டு பேருக்கும் ஓரளவு பிரியும். வயதில் மூத்தவரைக் கீழே நிறுத்தியது தனிக் கதை, அதைப் பற்றி நான் பேசவில்லை.

எங்கள் வீட்டில் மோட்டார் மேலே வைத்துத்தான் ஏற்றினோம். நடுவில் தம்பிக்குத் தும்மல் வந்தது. மூவரும் அப்படியே உறைந்துபோய் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். தும்மவில்லை, நல்லவேளை.

மாடிவீடு

மோட்டார் மேலே இருந்து என் கை வழுக்கினால் அவ்வளவு கனமும் கீழே இருப்பவர் நெஞ்சுக்குத்தானே வரும்? அதற்கு என்ன பதில்? பிறகு, அவரை நான் எங்கும் ‘நிறுத்தவில்லை’. அவர் போய் நின்றார். மாமனாரை நகரச் சொல்லும் மருமகன் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

பொறுமைசாலி

என் கதை சின்னது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றினோம், உருட்டாமல் கனமான போர்வையை அடியில் போட்டு இழுத்தோம். நடுவில் ஒரு டைல் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம் கொடுத்தது. எல்லாரும் நின்றுவிட்டோம். டைல் உடையவில்லை. ஆனால் இப்போதும் அந்த இடத்தில் நடக்கும்போது காலைக் கொஞ்சம் பார்த்துத்தான் வைக்கிறேன்.

இதையெல்லாம் படித்ததால் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நயாஷ் என்ற அரசு நிறுவனம் 1991-ல் திருத்திய சூத்திரம் ஒன்று உண்டு. எல்லாச் சூழலும் சரியாக இருந்தால், அதாவது பொருள் உடம்புக்கு ஒட்டி, இடுப்பு உயரத்தில், முறுக்காமல் தூக்கினால், ஒரு ஆளுக்கு 23 கிலோதான் உச்சம். 90 கிலோவை 23-ஆல் வகுத்துப் பாருங்கள், நான்கு பேர் வருகிறது. அதுவும் சமதளத்தில், நல்ல பிடி இருந்தால். படிக்கட்டில் குனிந்து, திரும்பி, விரல் நுனியால் பிடிக்கும்போது அந்த 23 வேகமாகக் குறையும். ‘ரெண்டு பேர் போதும்’ என்று எந்தத் தைரியத்தில் கிளம்புகிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

பிடிக்கிற இடமும் முக்கியம். பின் உருளையின் இரு முனையிலும் இருப்பது பிளாஸ்டிக் மூடி, அது எடை தாங்காது. மோட்டார் மேல்மூடியும் அப்படியே. பெல்ட்டைப் பிடித்தால் அது நகர்ந்து விரலை உள்ளே இழுக்கும். கைப்பிடி சாய்த்து உருட்டுவதற்குத்தான், மெஷினை அந்தரத்தில் தூக்க அல்ல. தளத்தின் இரண்டு பக்கமும் அடியில் இரும்புச் சட்டம் ஓடும், கை போக வேண்டிய இடம் அது ஒன்றுதான். டிஸ்பிளேயைப் பிடிக்கவே வேண்டாம். 2021 மே மாதம் பெலோட்டன் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டிரெட்மில்லில் இரண்டு மாடல்களைத் திரும்பப் பெற்றது, அதில் ஒன்றுக்குக் காரணமே தொடுதிரை தானாகக் கழன்று விழுந்ததுதான். யாரும் பிடிக்காமலே அப்படி என்றால், நீங்கள் பிடித்துத் தொங்கினால்?

அடுத்து, அளவு. மடித்த உயரம், அகலம், மூலைவிட்டம் மூன்றும் வேண்டும். கதவு இடித்தால் கதவையே கீலிலிருந்து கழற்றுங்கள், ஸ்க்ரூடிரைவர் போதும். கேபிளைப் பிரிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரைச் சுருட்டி டேப் போட்டு ஒட்டுங்கள், தளத்தைப் பட்டையால் தூணோடு கட்டுங்கள். ஜன்னலோரம் கடைசியில் செய்ததை முதலிலேயே செய்ய வேண்டும். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். வெறுங்காலோடு யாரும் கிட்டே வரக்கூடாது, செருப்பும் ஒரு பாதுகாப்பு இல்லை, மூடிய ஷூ போடுங்கள். கையுறை போடுவதானால் ரப்பர் பிடி உள்ளது, துணிக் கையுறை வழுக்கும். இன்னும் இருக்கிறது, இப்போதைக்கு இது.

தூக்கமில்லாதவன்

சார், உங்கள் டைல் கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ரிட்டயர்டு

நகர்த்தும்போது எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையன்கள் வந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்காரி நடக்க ஆரம்பித்தாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் தீய்கிற வாடை. நிமிர்ந்து பார்த்தால் பெல்ட் இடது பக்கம் ஒதுங்கி ஓரச் சட்டத்தில் உரசிக்கொண்டிருக்கிறது, அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்கிறாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. பாதுகாப்புச் சாவியின் கயிற்றை நான்தான் போய் இழுத்தேன். சட்டென்று நின்றதும் அவளுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

விஷயம் என்னவென்றால் புது இடத்தில் தரை சமமாக இல்லை. மெஷினின் ஒரு கால் தரையில் படவே இல்லை, மெஷின் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. முதலில் அடியில் உள்ள கால்களைத் திருகி நாலும் தரையில் ஊன்றும்படி செய்தேன். அப்புறம் யாரும் ஏறாமல் மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, பின்னால் இடது பக்க போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று. கொஞ்ச நேரம் பார்த்து, மறுபடி கால் சுற்று. பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்க போல்ட்டை இறுக்கினால் அது எதிர்ப்பக்கம் நகரும். அவசரப்பட்டு முழுச் சுற்று சுற்றினால் அந்தக் கோடிக்குப் போய்விடும். தளர்ந்த சட்டையும் கையும் உருளைக்குக் கிட்டே போகக்கூடாது.

இன்னொன்று, பையன்கள் மெஷினின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்னால் 2 மீட்டர், பக்கங்களில் அரை மீட்டராவது விடச்சொல்லிப் பல கையேடுகளில் இருக்கிறது. இடம் அழகாக இருக்கிறது என்று வைத்தார்களாம். கால் தவறி பின்னால் போனால் சுவருக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சாமான்வண்டி

வீடு மாற்றும் வேலைதான் எனக்குப் பிழைப்பு. நேர்கோடுக்கும் மாடிவீட்டுக்கும் ஒரு வார்த்தை. ஆள் கையில் தூக்கினால் மோட்டார் மேலே, எடை பிரியும். படி ஏறும் தள்ளுவண்டியில் கட்டி ஏற்றினால் மோட்டார் கீழே, வண்டியின் தகட்டுக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் வண்டி தலை கனத்துக் கவிழும். இரண்டு பேரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். வழுக்கினால் என்ன என்று கேட்டது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் மேலே நிற்கும் ஆளுக்குத் தோளில் மாட்டும் பட்டை கொடுப்போம், கை விட்டாலும் பட்டை தாங்கும். கீழே நிற்பவர் நெஞ்சுக்கு நேராக நிற்காமல் ஒரு ஓரமாக நின்று பிடிக்க வேண்டும். தூண் வேண்டாம், கழற்றிவிட்டுத்தான் படியில் கால் வைப்போம்.

என்னால் மறக்க முடியாதது ஒரு வீட்டுக்காரர். கழற்றவே விடமாட்டேன் என்றார், கழற்றினால் கியாரண்டி போய்விடுமாம். சரி, உங்கள் இஷ்டம். நாலு பேர் பிடித்து இறங்குகிறோம், அவர் எங்கள் முன்னாலேயே, படிக்குக் கீழே, பின்பக்கமாக நடந்து வருகிறார். ஒரு கையால் மெஷினைத் தாங்குவதாக நினைத்து டிஸ்பிளே மேல் கையை வைத்திருக்கிறார். ‘விலகுங்க சார்’ என்றால் ‘நான் பிடிச்சிருக்கேன், நீங்க வாங்க’ என்கிறார். 120 கிலோ மெஷினுக்குக் கீழே நின்று ஒரு மனிதன் எங்களுக்கு தைரியம் சொல்கிறான்! அப்படியே நடுப்படியில் மெஷினை இறக்கிவைத்துவிட்டு, அவர் வெளியே போகும்வரை தூக்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டோம். போனார். மேலே எங்கள் முதலாளிக்குப் போன் செய்து புகார் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தூக்கமில்லாதவன்

அண்ணே, ஒரு சந்தேகம். கனத்தைக் குறைக்க மோட்டாரையே தனியாகக் கழற்றிக் கொண்டுபோகலாமா?

சாமான்வண்டி

வேண்டாம் தம்பி. மூடிக்கு அடியில் உள்ள போர்டில் மின்தேக்கி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கும். மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது அதன் பெல்ட்டை நேர்க்கோட்டில் வைத்து இறுக்குவதும் நம் வேலை இல்லை. தூண், டிஸ்பிளே, கைப்பிடி, இதோடு நிறுத்திக்கொள். கழற்றின போல்ட்டை ஒரு கவரில் போட்டு அந்தத் தூணிலேயே டேப் போட்டு ஒட்டு. அண்ணனிடம் கொடுக்காதே.