மறு: டெப்த் கேஜ்: ஆழமானியா, மட்டமூக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மரம் அறுக்கும் செயின் ரம்பத்தில் இருக்கும் டெப்த் கேஜுக்குத் தமிழில் ‘ஆழமானி’ என்று வைக்கலாம் என நம் குழுவில் வந்த முன்மொழிவைப் படித்தேன். எனக்கு ஒப்புதல் இல்லை; ‘மட்டமூக்கு’ என்பதே என் யோசனை. மானி என்றால் எதையாவது அளந்து காட்ட வேண்டும். வெப்பமானி காட்டுகிறது, மழைமானி காட்டுகிறது. இந்த உறுப்பு எதையும் காட்டுவதில்லை. வெட்டும் பல்லுக்கு முன்னால் சின்னத் திமில் மாதிரி நின்று, மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போய், பின்னால் வரும் பல்லை ‘இவ்வளவுதான் கடிக்கலாம்’ என்று நிறுத்தி வைக்கிறது. தச்சருக்குச் சொன்னால் உடனே பிடிபடும்: இழைப்புளியில் அடிக்கட்டை செய்கிற அதே வேலை. உளி எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ அவ்வளவு கனத்தில்தான் சீவல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாற்றுச் செயின் வாங்கப் போனால் கேட்கும் மூன்று எண்களில் ஒன்றுக்கும் கேஜ் என்றே பெயர். அது, செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் கனம்; 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். அங்கேயும் மானி, இங்கேயும் மானி என்றால் வாங்குகிறவர் தவறான செயினோடு வீடு திரும்புவார். இதை ‘தடிப்பு’ என்று விட்டுவிடலாம். இரண்டாவது எண்ணான பிட்ச்சுக்குக் ‘கண்ணியிடை’ போதும். கண்ணிகளை இணைக்கும் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தில் பாதி அது. மூன்றாவது எண், பள்ளத்துக்குள் ஓடும் அந்த ஓட்டுகண்ணிகளின் எண்ணிக்கை. இவற்றுக்கு வேறு சொல் வந்தாலும் எனக்கு மறுப்பில்லை. அந்தத் திமிலுக்குத்தான் நான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அறுத்து அப்புறப்படுத்தினால்தான் தோப்புக்குள் கால் வைக்கலாம். மண் ஒட்டிய மரம் என்பதால் பல் சீக்கிரம் மழுங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை உருண்டை அரத்தால் ராவினோம். நான்காம் நாள் ரம்பம் மரத்தில் இறங்கவே இல்லை. விரலைக் கிழிக்கிற கூர் பல்லில் இருக்கிறது, ஆனால் சீவல் விழ வேண்டிய இடத்தில் மாவு கொட்டுகிறது. அழுத்தினால் பாரிலிருந்து புகை.

பிறகுதான் விளங்கியது. பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை ராவும்போதும் வெட்டுமுனை கொஞ்சம் பின்னால் போகிறது, போகப்போகத் தாழ்கிறது. முன்னால் நிற்கும் திமில் மட்டும் அப்படியே நிற்கிறது. கடைசியில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து, பல்லுக்கு மரமே எட்டாமல் போகிறது. இதைச் சொன்னதும் உதவிக்கு வந்திருந்த தம்பி தட்டை அரத்தை எடுத்துக் கண்மதிப்பாகத் திமில்களை ராவித் தள்ளிவிட்டார். அடுத்த மரத்தில் ரம்பம் வெறிகொண்ட மாதிரி கவ்வி, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எகிறியது. யாருக்கும் அடிபடவில்லை. வெட்டுமுனையைவிடத் திமில் எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்குப் பல செயின்களின் கையேட்டில் இருக்கும் அளவு 0.65 மில்லிமீட்டர், அதாவது ஆறேழு எழுதுதாள்களின் கனம். எங்களிடம் இருந்த கையேட்டில் தமிழ் இல்லை.

அதனால்தான் இரண்டு சொற்கள் வேண்டும் என்கிறேன். உறுப்புக்கு ‘மட்டமூக்கு’. வெட்டுமுனைக்கும் அந்த மூக்குக்கும் உள்ள உயர வித்தியாசத்துக்குக் ‘கடியளவு’. பட்டறையில் சொல்லிப் பாருங்கள்: “நாலு தடவை பல்லை ராவினா மட்டமூக்கையும் பாரு, கடியளவு கொறஞ்சிருந்தா ரெண்டு இழுப்பு இழு, முன்விளிம்ப உருட்டி விடு.” எந்த இடத்திலும் நாக்கு தடுக்கவில்லை.

மட்டம் என்றால் தாழ்ந்தது என்ற பொருளும் வருமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கொத்தனாரின் மட்டப்பலகையை யாரும் தரம் கெட்ட பலகை என்று எண்ணுவதில்லை. ரசமட்டமும் அப்படியே.

‘வாரிப்பல்’ என்ற யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இதை ரேக்கர், அதாவது வாருவது, என்றும் சொல்வது உண்மை. அது பழைய பெயரின் எச்சம். முன்பு வந்த செயின்களில் கீறும் பற்களும், கீறியதை வாரி வெளியே தள்ளும் பற்களும் தனித்தனியாக இருந்தன. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப்புழு ஒன்று மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துத் தின்பதைப் பார்த்து, அதேபோல் இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி வரும் செயினைச் செய்தார். இன்றைய செயின் அந்த வழியில் வந்தது. இதில் வாருகிற வேலையை அந்தத் திமில் செய்வதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய பழைய மிச்சத்தை நாம் ஏன் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும்? புழுவின் கடியிலிருந்து பிறந்த கருவிக்குக் ‘கடியளவு’ பொருந்தி வருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ரம்பம் திடீரென்று ஆளை நோக்கி எகிறும் கிக்பேக்குக்கு ‘உதைப்பு’ என்று போடலாம். துப்பாக்கிக்கு ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம்.

ரம்பத்தை வாள் என்று சொல்லும் ஈழத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் மரம் அறுப்பவர்கள் இந்தத் திமிலுக்கு ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா? இருந்தால் என் மட்டமூக்கை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.