டச் ஸ்கிரீனுக்கு மின்காந்தக் கவசம்: அனுபவமுள்ளோரின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நூற்பாலை ஒன்றின் மின்பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். இயந்திரத்தின் கண்ட்ரோல் பேனல் கதவில் உள்ள 7 அங்குல டச் ஸ்கிரீனில், மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேகமெடுக்கும்போதெல்லாம் கிடைக்கோடுகள் நடுங்கின. டிரைவ் மின்னழுத்தத்தை மாறி மாறி இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சிங் சில கிலோஹெர்ட்ஸ்தான் என்றாலும், மின்னழுத்தம் மிகக் குறுகிய நேரத்தில் ஏறி இறங்குவதால் இரைச்சல் பல மெகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. ஆகவே மோட்டார் கேபிளின் கவசப் பின்னலை வால் போல முறுக்கித் திருகில் மாட்டுவதைத் தவிர்த்து, சுற்றளவு முழுவதும் உலோகத் தகட்டைப் பற்றும் கிளாம்பில் பிடித்தோம், கோடுகள் மறைந்தன.

ஆனால் அருகில் வாக்கி டாக்கியில் பேசினால், யாரும் தொடாமலேயே திரையின் பொத்தான்கள் இயங்குகின்றன. ஓடும் இயந்திரத்தருகே ஆட்கள் நிற்கும் இடத்தில் இதை அப்படியே விட்டுவிட முடியாது. வாக்கி டாக்கிகளுக்குத் தடை கேட்டிருக்கிறேன். அது மட்டும் போதாது. வாக்கி டாக்கியின் 450 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 33 செ.மீ.; கதவிலுள்ள திறப்பின் மூலைவிட்டமோ ஏறத்தாழ 20 செ.மீ. என்பதால், உலோகக் கதவு அந்த அலையை அதிகம் தடுக்காது.

கம்பிவலை பதித்த கண்ணாடி கவசமாக நன்கு செயல்பட்டாலும் திரையை மங்கலாக்கும். இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு தெளிவானது, ஆனால் தடுப்புத் திறன் குறைவு. எங்கள் திரை, விரலால் ஏற்படும் மின்புல மாற்றத்தை உணரும் கெப்பாசிட்டிவ் வகை என்பதால், கடத்தும் படலத்தை முன்புறம் ஒட்டினால் தொடுதலே பதிவாகாது. தொடு உணரிக்கும் எல்சிடிக்கும் இடையே அப்படலத்தைப் பொருத்தியவர்கள் இருந்தால், தொடுதுல்லியம் பாதிக்கப்பட்டதா எனத் தெரிவியுங்கள். கதவின் பெயிண்டைச் சுரண்டிக் கடத்தும் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் பட்டை) வைத்தால், பஞ்சுத்தூசும் ஈரப்பதமும் மிகுந்த எங்கள் கூடத்தில் அந்தத் தொடர்பு துருப்பிடிக்காமல் நிலைக்க எவ்வகைக் கேஸ்கெட் ஏற்றது என்பதையும் கூறினால் பேருதவியாக இருக்கும்.