கஞ்சாக் கடை லோகோவும் 300 சதுர செ.மீ.யும்: டீ-ஷர்ட் அடிச்சா பிராண்ட் வளருமா?

ஸ்காபரோ சிவம்:
மற்றத் திரியில "வடிவமைப்பாளன்" எழுதினதை அப்பிடியே தாறன்: "கனடாவோட கஞ்சாக் கடைச் சங்கிலி டோக்கியோ ஸ்மோக் கவுந்தது சரக்கால இல்ல. லோகோவைக் கடைக்கு வெளியே கொண்டுபோகத் தெரியல. நெஞ்சு நிறைய லோகோ போட்டு டீ-ஷர்ட் அடிச்சா, வாங்குறவனே நடமாடும் விளம்பரம், கடை லைஃப்ஸ்டைல் பிராண்டா வளரும்."

நெஞ்சு நிறையவாம். தம்பி, கனடாவில கஞ்சாப் பிராண்டின்ர லோகோவைக் கஞ்சா இல்லாத வேறை சாமான்ல போடுறதெண்டால் ஒரே ஒருக்காத்தான் போடலாம். 300 சதுர செ.மீ.க்கு மேல போகக்கூடாது. எழுத்தின்ர உயரம் 4 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. நெஞ்சு நிறைய எண்டால் 28 செ.மீ. அகலம், 35 உயரம் வரும். பெருக்கிப் பாரும், 980. மூண்டு மடங்குக்கு மேல. டோக்கியோ ஸ்மோக் 2015இல காப்பிக் கடையாத் துவங்கேக்க இந்தச் சட்டமே இல்லை. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின 2018 ஒக்ரோபர் 17க்குப் பிறகு கதை வேறை.

வடிவமைப்பாளன்:
வந்துட்டாருய்யா நாட்டாமை. 300 எனக்கும் தெரியும் அண்ணே. ஏ5 டிடிஎஃப் ஷீட்ல, அதாவது துணிக்கு மாத்துற படலத்துல லோகோவை அடிச்சு, ஹீட் பிரஸ்ல சூடாக்கி ஒட்டினா வேலை முடிஞ்சது. ஏ5ன்னா 300க்குள்ள. "நெஞ்சு நிறைய"ங்கிறது பேச்சுக்குச் சொன்னது. அதுக்குப் போய் ஸ்கேலைத் தூக்கிட்டு வர்றீங்க.

ஸ்காபரோ சிவம்:
ஏ5 எண்டால் 14.8 × 21. அதாவது 310.8. முந்நூற்றுப் பத்துத் தசம் எட்டு! 300 இல்லை. ஒரு கடைக்காரர் உம்மை நம்பி 500 ரீசேர்ட் அடிச்சால் 500உம் பிழை. கஞ்சாச் சட்டத்தின்ர 17ஆம் பிரிவை மீறினால் உச்ச அபராதம் 50 லட்சம் டொலர், 3 வருசச் சிறை. ஆர் கட்டுறது, நீரோ?

வடிவமைப்பாளன்:
தாளோட பரப்பு வேற, லோகோவோட பரப்பு வேற. எவன் விளிம்பு வரைக்கும் அடிக்கிறான்? சுத்தி அரை செ.மீ. விட்டாலே 13.8 × 20, அதாவது 276. உள்ளதான் இருக்கு. பிரஸ் பக்கமே போகாதவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது.

ஸ்காபரோ சிவம்:
நீர் எழுதினது "ஏ5ன்னா 300க்குள்ள". ஏ5 310.8. இப்ப ஓரத்தை வெட்டிப்போட்டு வாறீர். எழுதினதை அழிக்க முன்னம் நான் படம் எடுத்து வச்சிருக்கிறன்.

எட்டிப்பார்த்தவன்:
ஒரு சந்தேகம் சாமிகளா. லைஃப்ஸ்டைல் பிராண்ட்னா என்னன்னு முதல்ல யாராவது சொல்லுங்க. கவர்ச்சி, பொழுதுபோக்கு, உற்சாகம், துடிப்பு, துணிச்சல் இப்படி எந்த வாழ்க்கைமுறையோடயும் கஞ்சாவை இணைச்சு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு அதே 17ஆம் பிரிவு சொல்லுது. அப்போ லைஃப்ஸ்டைல் பிராண்டுங்கிறதே ஓடாதே? லோகோ எத்தனை செ.மீ. இருந்தா என்ன?

ஸ்காபரோ சிவம்:
அது பிறகு பார்க்கலாம். முதல்ல அவர் 310.8ஐ ஒத்துக்கொள்ளட்டும்.

வடிவமைப்பாளன்:
276.

கல்கரி கண்ணம்மா:
ரெண்டு பேரும் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிச்சு முடிச்சாச்சா? நிஜமா மாட்டுற இடமே வேற. டீ-ஷர்ட் கழுத்துக்கு உள்ள அளவு எழுதுற இடத்துல கடை பேரும் லோகோவும் அச்சடிச்சுக் கொடுப்பாங்க. நெஞ்சுல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, ஆக ரெண்டு. ஒருமுறைதான் போடலாம்ங்கிற விதி அங்கேயே போச்சு. அதனால கழுத்துல வெறும் அளவும் துணி விவரமும் மட்டும்னு ஆர்டர்லயே எழுதிக் கொடுக்கணும்.

அடுத்தது, "50 டாலருக்குச் சரக்கு வாங்கினா டீ-ஷர்ட் இலவசம்". 24ஆம் பிரிவு: கஞ்சா வாங்கத் தூண்டுறதுக்காக எந்தப் பொருளையும் கொடுக்கக்கூடாது. குலுக்கல்ல பேர் சேர்க்கிறதும் அதுல அடக்கம். தனியா விலை போட்டு, தனி பில்லா விக்கணும். மூணாவது, அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் சிரிக்கிற போட்டோவை இன்ஸ்டாவுல ஏத்தினா, ஆளையோ கதாபாத்திரத்தையோ மிருகத்தையோ காட்டி விளம்பரம் பண்ணின கணக்கு. டீ-ஷர்ட்டைத் தரையில விரிச்சு வச்சுத்தான் படம் எடுக்கணும்.

வடிவமைப்பாளன்:
கழுத்து லேபிள் பாயின்ட் சரி. போட்டோவுக்குப் பொம்மைக்கு மாட்டி எடுத்தா போச்சு. பொம்மை ஆள் இல்லையே.

கல்கரி கண்ணம்மா:
தலை இருக்கிற பொம்மையா, இல்லாததா?

வடிவமைப்பாளன்:
தலை இல்லாத பொம்மைதான். துணிக்கடையில எல்லாம் அதுதான்.

எட்டிப்பார்த்தவன்:
முண்டத்தை வச்சு லைஃப்ஸ்டைல் பிராண்ட். அமோகம்.

ஸ்காபரோ சிவம்:
கண்ணம்மா அக்கா எல்லாம் சரியாச் சொன்னவ. ஆனால் அளவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. வட்ட லோகோவெண்டால் என்ன செய்வீர் தம்பி? 19.5 செ.மீ. விட்டம், வட்டத்தின்ர பரப்பு 298.6. ஆகா உள்ளதான் எண்டு துள்ளுவீர். அதைச் சுத்திச் சதுரம் கீறினால் 380. பரிசோதிக்க வாறவர் பை ஆர் ஸ்குயர் போடுவாரெண்டு நினைக்கிறீரோ? அடிமட்டத்தை வச்சு அகலம், உயரம் பார்ப்பார். 20 × 15 பெட்டி ஒண்டைக் கீறி, வட்டமோ இலையோ எதுவெண்டாலும் அதுக்குள்ள அடக்கும். அதிலையும் எழுத்து 4 செ.மீ.யைத் தாண்டாமல் பாரும். உம்மட ஏ5 அந்தப் பெட்டிக்குள்ள போகாது. ஏனெண்டால் 310.8.

வடிவமைப்பாளன்:
விதியில "பரப்பளவு"ன்னுதான் இருக்கு, "பெட்டி"ன்னு எங்கயும் இல்ல. வட்டத்தோட பரப்பு வட்டத்தோட பரப்புதான். உங்க வசதிக்குப் பள்ளிக்கூடக் கணக்கை மாத்தாதீங்க. அப்படியே பார்த்தாலும் காட்டன் டீ-ஷர்ட் ரெண்டு துவைப்புல சுருங்கி உங்க 310.8ம் 300 ஆயிடும். போதுமா?

ஸ்காபரோ சிவம்:
சுருங்கிறது துணி, சட்டம் இல்லை.

கல்கரி கண்ணம்மா:
ஒன்ராறியோ மாகாணத்துக்காரங்க டீ-ஷர்ட்டுக்கு அடிச்சுக்கிறதைப் பார்த்தா சிரிப்பு வருது. சட்டம் வந்த முதல் நாளே எங்க ஆல்பர்ட்டாவுல 17 கடை திறந்திருந்துச்சு. உங்க ஊர்ல ஒண்ணுகூட இல்ல. அப்புறம் 25 லைசென்ஸுக்குக் குலுக்கல் போட்டு, 2019 ஏப்ரல்லதான் கதவையே திறந்தீங்க. கடையே இல்லாத ஊர்ல பிராண்ட் எப்படி வளரும்? டோக்கியோ ஸ்மோக் 2024ல கோர்ட்ல கடன்காரங்ககிட்ட இருந்து பாதுகாப்பு கேட்டுச்சு. அதுக்கு லோகோவா காரணம்? தெருவுக்கு நாலு கடை, எல்லாக் கடையிலும் ஒரே மொத்த வியாபாரிகிட்ட இருந்து வந்த ஒரே சரக்கு, விலையைக் குறைக்கிறவன் பிழைக்கிறான்.

ஸ்காபரோ சிவம்:
அக்கா, மொத்த வியாபாரத்தில அல்பேட்டா மட்டும் திறமோ? அங்கையும் மாகாண அரசாங்கம்தானே கடைகளுக்குக் குடுக்குது. 17 கடையை வருசக்கணக்காச் சொல்லிக்கொண்டு திரியிறியள். திறந்த கொஞ்ச நாளிலயே சரக்கு இல்லாமல் அலுமாரி வெறுமையாக் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

கல்கரி கண்ணம்மா:
வெறும் அலமாரியாவது எங்களுக்கு இருந்துச்சு.

எட்டிப்பார்த்தவன்:
என் கேள்வி அப்படியே கிடக்கு. வாழ்க்கைமுறை. 17ஆம் பிரிவு. யாராவது?

வடிவமைப்பாளன்:
சிவம் அண்ணனுக்கு என் மேல காண்டு எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஹியூமிடிட்டி பேக், அதாவது கஞ்சாப் பைக்குள்ள ஈரத்தைக் காக்கப் போடுற சின்னப் பொட்டலம், அந்தத் திரியில அவர் சொன்னதை நான் மறுத்தேன், அதுல இருந்து துரத்துறார்.

ஸ்காபரோ சிவம்:
நல்லாச் சொன்னீர், அதையும் எல்லாரும் கேக்கட்டும். கடையின்ர சொந்தப் பேரில வாற 28 கிராம் பைக்கு 1 கிராம் பேக் ஒண்டு போதுமெண்டு எழுதினவர் இவர்தான். 1 கிராம் பேக் 3.5 கிராம் கஞ்சாப் பூவுக்கு. 28 கிராமுக்கு 8 கிராம் பேக் வேணும். சின்னனைப் போட்டால் சுருக்கா அது காய்ஞ்சு கல்லாப் போகும். பிறகு பூ விரலுக்குள்ள தூளாகும், வாசம் போகும், வாங்கினவன் திரும்பக் கொண்டுவருவான். லோகோவை ரீசேர்ட்டில போட்டு என்ன, பைக்குள்ள கிடக்கிறது தூள்!

வடிவமைப்பாளன்:
நான் எழுதினது 3.5 கிராம் டப்பாவுக்கு. நீங்கதான் 28ன்னு படிச்சீங்க. நீங்க அங்க என்ன எழுதினீங்க? சுருட்டியே விக்கிற ப்ரீ-ரோல் டப்பாவுலயும் 62 சதவீத ஈரப்பத பேக் போடணும்னு. 62ல வச்ச ப்ரீ-ரோல் சரியாப் பத்தாது, நடுவுல அணையும், ஒரு பக்கமா ஓடும். ப்ரீ-ரோலுக்கு 58. 62 பூவோட நின்னுக்கட்டும்.

ஸ்காபரோ சிவம்:
ஒரு பக்கமா ஓடுறது ஈரத்தால இல்லை. பூவை மாவா அரைச்சு, கடதாசிக் கோனுக்கை அடியில இறுக்கி, மேல தளர விட்டால் அப்பிடித்தான் ஓடும். நடுத்தரமா அரைச்சு, கோனைத் தட்டித் தட்டி நிரப்போணும். 62இல ஒரு குறையும் இல்லை.

வடிவமைப்பாளன்:
58.

கல்கரி கண்ணம்மா:
பேக்கே போடாம, நிரப்பின அன்னைக்கே ஈரம் அளந்து சீல் வச்சா இந்தப் பஞ்சாயத்தே இல்ல. அது ரெண்டு பேர் மண்டையிலயும் ஏறாது.

ஸ்காபரோ சிவம்:
அக்கா, சீல் வச்ச பை வாங்கினவன் ஒருக்காத் திறந்த பிறகு என்னத்துக்குதவும்? 28 கிராமை ஒரே நாளிலயே முடிப்பினம்? அல்பேட்டாவில முடிப்பினமோ தெரியாது.

கல்கரி கண்ணம்மா:
இதுக்குத் தனித் திரி திறக்கிறேன். அங்க வாங்க, பேசிக்கலாம்.