கம்பெனி ஸ்பீக்கரில் தவிலின் தொப்பி கேட்கவில்லை, எதை முதலில் மாற்றுவது?

கன்னங்குறிச்சி ஸ்விஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். 2019 மாடல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். கம்பெனியில் கொடுத்த அதே ஸ்டீரியோ, நாலு கதவிலும் நாலு ஸ்பீக்கர், கூர்மையான சத்தத்துக்கென்று தனி ட்வீட்டர் கிடையாது. எஃப்எம் கேட்பதும் ஃபோன் பேசுவதும் தவிர எனக்குப் பெரிதாகத் தேவை இருந்ததில்லை, அதனால் இத்தனை வருடம் அதைத் தொடவே இல்லை.

இப்போது விஷயம் வேறு. அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் தவில் வாசித்தவர். கை நடுக்கம் வந்த பிறகு வாத்தியத்தைத் தொடுவதில்லை, கேட்பது மட்டும்தான். அக்கா வீடு ஏற்காட்டில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். வழியில் கேட்கட்டும் என்று அவர் பத்திரமாக வைத்திருந்த பழைய கச்சேரி கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டு ஓட விட்டேன். அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார். "வலந்தலை மட்டும்தான் வருது, தொப்பி எங்க போச்சு? ஒத்தக் கையால வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் மேலே போய்ச் சேரும் வரை பேச்சே இல்லை.

எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. தவில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வலது பக்கம் விரல்களில் கூடு மாட்டி அடிப்பது வலந்தலை, சுள்ளென்று கேட்கும். இடது பக்கம் குச்சியால் அடிப்பது தொப்பி, நெஞ்சுக்குள் இறங்குகிற அந்தக் கனமான சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. அதைத்தான் என் கார் விழுங்கிவிடுகிறது. பேஸை ஏற்றிப் பார்த்தேன், கதவு கிடுகிடுவென்று அதிர்ந்ததே தவிர தொப்பி வந்தபாடில்லை.

டவுனில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒருவர் பெரிய டச் ஸ்கிரீன், நாலு ஸ்பீக்கர், டிக்கியில் பேஸ் டியூப் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் சொன்னார். இன்னொருவர் ஸ்பீக்கரை மாற்றினால் போதும், அரை மணி நேர வேலை என்றார். என்னால் 25,000 வரை போட முடியும். டிக்கியில் இடம் போகக் கூடாது, அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது மூட்டை மூட்டையாக ஏதாவது வரும். வயரை வெட்டுவதென்றாலும் எனக்குப் பயம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

சூரமங்கலம் சால்டர்:

தம்பி, டச் ஸ்கிரீனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது படம் காட்டும், தொப்பியைக் கொண்டுவராது.

முதலில் ஒரு கணக்கு. ஸ்டீரியோ அட்டைப்பெட்டிகளில் 50 வாட் × 4 என்று போட்டிருப்பார்கள். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே, ஸ்பீக்கர் 4 ஓம். ஸ்டீரியோவுக்குள் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்க எதுவும் கிடையாது, அதனால் ஒரு சேனலுக்கு 26 வாட்டுக்கு மேல் சுத்தமான பவர் வர வழியே இல்லை, இழப்பு போக 18, 20 வாட் நின்றால் பெரிது. புது ஸ்டீரியோ போட்டாலும் இதே கதைதான். ஆம்ப், அதாவது பவரை ஏற்றிக் கொடுக்கும் தனிப் பெட்டி, இல்லாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவதாக இருந்தால் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள், சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள், அதே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு அது, 90 டெசிபலும் அதற்கு மேலும் இருக்கட்டும். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 93 டெசிபல் ஸ்பீக்கருக்கும் நாலு மடங்கு வித்தியாசம். பார்க்க முரட்டு காந்தத்தோடு இருக்கிற சில ஸ்பீக்கர் கம்பெனி ஸ்டீரியோவில் போட்டால் மூச்சுவிடாமல் கிடப்பது இதனால்தான்.

ஆனால் உங்கள் தொப்பி தொலைந்த இடம் ஸ்பீக்கர் மட்டுமல்ல, கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது இல்லையா, காரில் கதவுதான் அந்தப் பெட்டி. டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் உள் தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் காற்று அந்த ஓட்டைகள் வழியாக முன்பக்கம் வந்து, முன்னால் வரும் பேஸை அடித்துப் போட்டுவிடும். கூடவே வெளித் தகடு தகர டப்பா மாதிரி தனியாக அதிரும். நீங்கள் பேஸை ஏற்றும்போது ஏறியது அந்தத் தகரச் சத்தம்தான்.

அதனால் முதல் செலவு முன் கதவு இரண்டுக்கும் அதிர்வை அடக்குகிற டேம்பிங் ஷீட். 2 மில்லிமீட்டர் ப்யூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள் உள்ளது. தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் காரை நிறுத்தி வைத்தால் இளகி வழியும், உள்ளே உட்கார முடியாத நாற்றம் வரும். வெளித் தகட்டின் உள்பக்கம் ஒட்டி ரோலரால் காற்றில்லாமல் தேய்க்க வேண்டும், அப்புறம் உள் தகட்டு ஓட்டைகளை மூட வேண்டும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும், அவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

அடுத்து முன் கதவுக்கு ஆறரை இஞ்ச் காம்பொனென்ட் செட், அதாவது கனமான சத்தத்துக்கு வூஃபர் தனி, ட்வீட்டர் தனி, இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரோடு. பின் கதவு ஸ்பீக்கர் அப்படியே கிடக்கட்டும், ஃபேடரில் சத்தத்தை முன்பக்கம் தள்ளிவிடுங்கள், அப்பா முன் சீட்டில்தானே உட்காருவார். உங்கள் வண்டிக்கென்றே கப்ளர், அதாவது வயரைச் செருகி இணைக்கிற பிளக், விற்கிறார்கள், அதை வாங்கினால் கம்பெனி வயரில் பிளேடு படவே வேண்டாம். பூட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுதாக இறக்கிப் பாருங்கள், ஆழமான காந்தம் என்றால் கண்ணாடி வந்து இடிக்கும்.

பிளஸ் மைனஸ் கவனம். ஒரு கதவில் மாறிப் போய்விட்டால் ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்கிற கூம்பு, முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகும், பேஸ் மொத்தமும் காணாமல் போகும். சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ளினால் சரி.

நாகலூர் காபித்தோட்டம்:

தம்பி, அந்த "அரை மணி நேர வேலை" கடைக்காரரிடம் மட்டும் வண்டியை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டு வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் சேலத்தில் ஒரு கடையில் ஸ்பீக்கர் மாற்றினோம். கதவுக்குள் இருந்த அந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாது. இங்கே மழைக்காலத்தில் வாரக் கணக்கில் ஈரம் காயாது, பனிமூட்டம் வண்டிக்குள்ளேயே வந்து உட்காரும். கண்ணாடி ஓரமாக இறங்கிய தண்ணீர் நேராக ஸ்பீக்கர் மேலேயே வடிந்திருக்கிறது. ஆறே மாதத்தில் இடது பக்கம் கரகரவென்று ஆனது. திறந்து பார்த்தால் காகிதக் கோன் ஊறி அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது, வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்த இடத்தில் பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

மலைக்கு அடிக்கடி வருகிற வண்டி என்றால் காகிதக் கோன் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் கோன் கேட்டு வாங்குங்கள். வயர் சேருகிற இடம் எதுவாக இருந்தாலும் சால்டர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். வேலை முடிகிற வரை பக்கத்திலேயே நில்லுங்கள், சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சேலத்திலிருந்து இங்கே வருவதற்குள் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், காது அடைக்கும், எல்லாச் சத்தமும் பஞ்சு வைத்த மாதிரி மங்கிக் கேட்கும். அந்த நேரத்தில் ஈக்வலைசரைத் திருகினால் கீழே இறங்கியதும் காதைக் கிழிக்கும். அப்பாவை எச்சில் விழுங்கச் சொல்லுங்கள், ஒரு மிட்டாய் கொடுங்கள். சத்தத்தைக் கீழே சமதளத்தில் சரிசெய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். இருபது வளைவிலும் ஹாரன் காதில் விழுகிற அளவுக்குத்தான் பாட்டு இருக்க வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஓமலூர் பைபாஸ்:

சால்டர் அண்ணன் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன், ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆம்ப் இல்லாமல் நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான். ஸ்டீரியோவால் முடிந்ததற்கு மேல் சத்தத்தை ஏற்றும்போது அலை உச்சியில் வெட்டுப்பட்டு கரடுமுரடாக வரும், ட்வீட்டர் எரிந்து போவது பெரும்பாலும் அதனால்தான். நான் தினமும் பைபாஸில் போகிறவன், 90 கிலோமீட்டர் வேகத்தில் டயர் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்க எனக்கு ஆம்ப் இல்லாமல் முடியவில்லை. சின்ன நாலு சேனல் ஆம்ப், ஹை லெவல் இன்புட் உள்ளதாக வாங்கினால் கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

ஆம்புக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், சுத்தமான செம்பு, 8 கேஜ். செம்பு பூசிய அலுமினியத்தை அதே விலைக்குத் தலையில் கட்டுவார்கள், நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும், ஆம்ப் பக்கத்தில் மட்டும் வைத்தால் நடுவில் வயர் உரசினால் தீதான். எர்த்தை பெயின்ட் சுரண்டிய தகட்டில் முடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க "ஙொய்ய்" என்று கூடவே பாடும்.

சூரமங்கலம் சால்டர்:

ஓமலூர் தம்பி சொல்வது பைபாஸுக்குச் சரி. இவர் போவது மலைப்பாதை, வேகம் 30, 40. முதலில் கதவு, ஸ்பீக்கர் இரண்டையும் முடித்து இரண்டு நடை போய்ப் பார்க்கட்டும், குறை தெரிந்தால் ஆம்ப் அப்புறம் போட்டுக்கொள்ளலாம், இப்போது வாங்கிய எதுவும் வீணாகாது. பேஸ் டியூப் தேவையே இல்லை. அது தரையை அதிர வைக்கிற அடிமட்ட பேஸுக்கு, தொப்பிக்கு வேண்டியதை மூடிய கதவில் இருக்கிற ஆறரை இஞ்ச் வூஃபரே கொடுக்கும்.

கேசட்டை எப்படி ஏற்றினீர்கள்? ரெக்கார்டிங் செய்யும்போது லெவல் சிவப்பைத் தொட்டிருந்தால் தொப்பி அடி ஒவ்வொன்றும் அங்கேயே நசுங்கியிருக்கும், பிறகு என்ன ஸ்பீக்கர் போட்டாலும் வராது. ஒரு ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

கன்னங்குறிச்சி ஸ்விஃப்ட்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஹெட்ஃபோனில் கேட்டால் தொப்பி இருந்தது. ஆனால் இரண்டு கேசட்டில் அண்ணன் சொன்ன மாதிரியே நசுங்கியிருந்தது, லெவலைக் குறைத்து மறுபடி ஏற்றி, 320 கேபிபிஎஸ்ஸில் போட்டேன். கதவு வேலையை வீட்டு வாசலிலேயே நானும் என் மைத்துனனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். வெயில் ஏறிய பிறகு ஷீட் தானாகவே இளகி நன்றாக ஒட்டியது.

அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒட்டுவதற்கு முன் எழுந்து வந்து கதவை விரல் முட்டியால் தட்டினார், "டங்" என்றது. ஒட்டி முடித்ததும் மறுபடி வந்தார். மேலிருந்து கீழே ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனவர் கைப்பிடிக்குக் கீழே ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க ஒட்டல" என்றார். உள்ளே கையை விட்டுத் தடவினேன், உள்ளங்கை அகலத்துக்குக் காற்று உப்பி நின்றது. குத்தி, ரோலரால் தேய்த்து, மறுபடி தட்டச் சொன்னேன். "இப்ப சரி" என்றார். தோலை இழுத்துக் கட்டும்போது தட்டிப் பார்க்கிற அதே விரல்.

முன் கதவு இரண்டுக்கும் ஷீட் 3,800, காம்பொனென்ட் செட் 8,500, கப்ளரும் ஸ்பீக்கரைப் பூட்டுகிற ரிங்கும் சேர்த்து 1,100. ஆம்ப் போடவில்லை. நாகலூர் அக்கா சொன்னபடி பாலிபுரொப்பிலீன் கோன்தான். பழைய ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் வாங்கியபோது இவ்வளவு லேசா என்று இருந்தது.

போன சனிக்கிழமை ஏற்காடு போனோம். அடிவாரம் தாண்டி மூன்றாவது வளைவில் நான்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது, எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, அவர் இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. மேலே போய்ச் சேர்ந்தும் இறங்கவில்லை, முடியட்டும் என்றார். ஏரிக்கரையில் வண்டியை ஓரம் கட்டி முடிகிற வரை உட்கார்ந்திருந்தோம்.

ஒரே ஒரு தொல்லை. பெரிய அடி விழும்போதெல்லாம் பின்னாலிருந்து "ஜிர்ர்" என்று ஒரு சத்தம். பின் கதவைத் தட்டிப் பார்த்தோம், அங்கே இல்லை.

சூரமங்கலம் சால்டர்:

நம்பர் பிளேட்டாக இருக்கும் தம்பி. பாட்டை ஓட விட்டு ஒருவர் பின்னால் போய்க் கையால் அழுத்திப் பாருங்கள், நின்றால் அதுதான். கழற்றி, பின்னால் நாலு மூலையிலும் ஃபோம் டேப் வைத்து முடுக்குங்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த தடவை கதவு வேலை எடுத்தால் அவரைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன்.