பெண்களுக்கு மட்டும் ஏன் இரண்டே மேடை? (2024–25 ஸ்கீ ஜம்பிங் சீசன்)

பனிப்பிரியன்:
ஸ்கீ ஜம்பிங் (பனி மேடையில் சறுக்கி வந்து தூரம் தாவும் போட்டி) சீசன் முடிந்துவிட்டது. உலகக் கோப்பை ஆண்களில் ஆஸ்திரியாவின் டானியல் சொஃபெனிக்குக்கு, பெண்களில் ஸ்லோவேனியாவின் நிகா பிரெவ்ட்ஸுக்கு. எனக்கு உறுத்துவது வேறு. புத்தாண்டை ஒட்டி ஆண்களுக்கு ஓபர்ஸ்டோர்ஃப், கார்மிஷ், இன்ஸ்ப்ருக், பிஷோஃப்ஸ்ஹோஃபன் என்று நான்கு மேடைத் தொடர் நடக்கிறது. பெண்களுக்கோ கார்மிஷும் ஓபர்ஸ்டோர்ஃபும் மட்டும், இரண்டு இரவோடு கதை முடிந்தது. இது நியாயமா?

தூரக்கணக்கு:
நியாயம்தான். இந்தத் தடவை ஆண்கள் தொடர் எப்படி முடிந்தது என்று பார்த்தீர்களா? மேடைக்கு இரண்டாக எட்டுத் தாவலுக்கு அப்புறம் சொஃபெனிக்குக்கும் சக ஆஸ்திரியர் ஹோர்லுக்கும் இடைவெளி 1.4 புள்ளி. பெரிய மேடையில் ஒரு மீட்டருக்கே 1.8 புள்ளி! இன்னொரு ஆஸ்திரியர் கிராஃப்ட் மூன்றாவது, அவரும் பக்கத்திலேயே. பெண்கள் பக்கம் நிகா தனியாகப் போய்க்கொண்டிருக்கிறார். நான்கு மேடை வைத்தால் நான்கு தடவையும் அதே முடிவைத்தான் பார்ப்போம்.

பனிப்பிரியன்:
அப்படியானால் 2018–19-இல் ஜப்பானின் கோபயாஷி நான்கு மேடையையும் ஜெயித்தாரே, அதற்கு முந்தைய வருடம் போலந்தின் ஸ்டோக்கும் ஜெயித்தாரே, ஜெர்மனியின் ஹன்னவால்ட் 2001–02-லேயே செய்தாரே. அப்போது யாராவது "போர் அடிக்கிறது, இரண்டாகக் குறைத்துவிடலாம்" என்றார்களா? வரலாறு என்று கொண்டாடினோம்.

மேடைக்கீழ்:
+1. நானே கொண்டாடினேன் 🙂

தூரக்கணக்கு:
சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பெண்கள் பெரும்பாலும் ஆண்களைவிட உயரமான கேட்டிலிருந்து (சறுக்கத் தொடங்கும் இடம்) கிளம்புகிறார்கள். மார்ச் 14-இல் நார்வேயின் விக்கர்சுண்டில் நிகா 236 மீட்டர் பறந்ததும் "உலக சாதனை" என்று ஒரே சத்தம். அவருடைய அண்ணன் டோமன் மார்ச் 30-இல் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் பறந்தது 254.5. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

காற்றுத்திசை:
ஒரே தட்டில் யார் வைத்தார்கள்? அது பெண்கள் சாதனை, இது ஆண்கள் சாதனை. பதினாறு நாள் இடைவெளியில் ஒரே வீட்டுக்கு இரண்டும் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

கேட் விஷயத்துக்கு வருகிறேன். கேட் உயர்ந்தால் சறுக்குப் பாதை நீளும், மேடை விளிம்பில் வேகம் கூடும். அது சும்மா கிடைக்கும் பரிசு இல்லை. அந்த வேகத்தில் கிளம்பும் கணத்தை ஒரு நொடியின் சிறு பங்கு தவறவிட்டாலும் தாவல் போச்சு. இறங்கும்போது முழங்கால் மேல் விழும் அடியும் அதிகம். விக்கர்சுண்ட் சாதாரணப் பெரிய மேடையைவிடவும் பெரிய பறத்தல் மேடை, புள்ளிக் கணக்கும் வேறு: அங்கே 200 மீட்டருக்கு 120 புள்ளி, மேற்கொண்டு ஒவ்வொரு மீட்டருக்கும் 1.2. ஆகவே 236-க்குத் தூரப் புள்ளி மட்டுமே 163.2. அந்த உயரத்திலிருந்து இறங்கி, ஒரு காலை முன்வைத்து டெலிமார்க்கும் போட வேண்டும், இல்லையென்றால் நடுவர்கள் வெட்டிவிடுவார்கள். ஒரே சுற்றில் கேட் மாறினாலும் அதற்கான புள்ளியைக் கூட்டிக் கழித்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கே அநியாயம்?

தூரக்கணக்கு:
நல்ல விளக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடைமுறை? இன்ஸ்ப்ருக் பெர்கிசெல் மேடையில் இந்த சீசன் வரை இரவுப் போட்டிக்கு விளக்கு இருந்ததில்லை. ஜனவரிப் பகல் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி, போட்டி எல்லாம் ஒரே பகலில் எப்படி அடங்கும்?

பனிப்பிரியன்:
இது உண்மையான காரணம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டையே போட்டிருக்க மாட்டேன். ஆனால் விளக்குப் பிரச்சினையைத் திறமைப் பிரச்சினை மாதிரி பேசுகிறார்களே, அதுதான் எரிச்சல். ஆண்கள் ஒலிம்பிக்கில் 1924-லிருந்து தாவுகிறார்கள், பெண்களை உள்ளே விட்டதே 2014-இல். அதுவரைக்கும் சொன்ன சாக்கெல்லாம் நமக்குத் தெரியாதா?

மேடைக்கீழ்:
"ஆண்கள் போட்டிதான் அசல்" என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: ட்ரோன்ஹைம் உலகச் சாம்பியன்ஷிப்பில் விதியை மீறி ஆடையில் விறைப்பான நூலைத் தைத்து மாட்டிக்கொண்டது நார்வேயின் ஆண்கள் அணி. அதே ஊரில் நிகா இரண்டு தனிநபர் தங்கத்தையும் அள்ளினார்.

தூரக்கணக்கு:
அதற்கும் கேட்டுக்கும் என்ன சம்பந்தம்? சரி, விளக்கு வரட்டும், நானும் கை தட்டுகிறேன். ஆனால் முதல் பெண்கள் நான்கு மேடைத் தொடரில் எட்டுத் தாவலும் நிகாவுக்கே என்றால், இந்த இழையைத் தேடிப் பிடித்து வருவேன்.

பனிப்பிரியன்:
வாருங்கள். கோபயாஷி உதாரணத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.